பன்னிரண்டாவது வாரத்துத் தீர்ப்பு

மடக்கை அட்டவணையை மாணவர்க்குப் படிப்பிக்கத் தொடங்கும் ஒவ்வோராண்டும், வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி எழுவது வழக்கம். இவ்வாண்டும் எழுந்தது. “சேர், பரீட்சை முடிந்தபின் இந்த அட்டவணை எங்களுக்கு எதற்கு உதவும்?” பூமியதிர்ச்சியை அளக்க உதவும், ஒலியின் வலிமையை அளக்க உதவும் என்று ஆண்டுதோறும் சொல்லிவந்த விடையையே நான் இம்முறையும் சொன்னேன். கேட்டவன் தலையை ஆட்டிவிட்டு அமர்ந்தான். அவன் மனம் நிறையவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. வீட்டுக்கு வந்து சிந்தித்தபோது, இதனிலும் நல்ல விடையொன்று இருப்பது நினைவுக்கு வந்தது. ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம், உலகெங்கும் எத்தனையோ நோயாளிகளுக்கு மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மடக்கை அட்டவணையில் வரும் ‘2’ என்னும் எண்ணே தீர்மானித்தது. இவ்வாரம் அந்த வரலாற்றையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் வரும் நோயாளிகள் ஒரு நோயால் அன்றி இரண்டு நோயால் வருந்தியவர்கள். ஒன்று எச்.ஐ.வி. உடலின் காவற்படைக்குத் தலைமை தாங்கும் ஒருவகை வெண்குருதிக் கலங்களை அழித்து, நாளடைவில் எந்தச் சிறு நோயையும் எதிர்க்கமுடியாதவாறு மனிதனை ஆக்கிவிடும் வைரசு அது. 1983ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தார் அதனை இனங்கண்டனர். மற்றது ஈரலைத் தாக்கும் ‘ஹெப்பற்றைற்றிஸ் சி’ வைரசு. இதன் கதை சற்று விந்தையானது. 1970களில் அமெரிக்க வைத்தியர் ஹார்வி ஆல்டர், பிறர் குருதியை ஏற்றுக்கொண்ட நோயாளர் பலர்க்கு ஈரலழற்சி உண்டாவதையும், அது முன்னரே அறியப்பட்ட ‘ஏ’ வகையோ ‘பி’ வகையோ அன்று என்பதையும் கண்டார். பெயர் தெரியாத அக்குற்றவாளியை ‘ஏயும் அல்லாதது, பியும் அல்லாதது’ என்றே நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தனர். 1989இல் மைக்கேல் ஹௌற்றனும் அவருடைய கூட்டத்தாரும் அதனைப் பிடித்தனர். 1997இல் சார்ள்ஸ் றைஸ் என்பவர் அவ்வைரசு ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்று நிறுவினார். இம்மூவருக்கும் 2020ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு வைரசுகளும் குருதி வழியே செல்லவல்லவை. ஆதலின் ஒரே வாயிலால் இரண்டும் ஒருவன் உடலுட் புகுதல் எளிதாயிற்று. இரண்டையும் உடையோர் உலகில் ஏறக்குறைய 23 இலட்சம் பேர் என 2016ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்பவர். இதைக் கேட்டவுடன், ‘தாமே தேடிக்கொண்டது’ என்று சொல்லிக் காதை மூடிக்கொள்வோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்திலே ஹாம்ஷயர்ப் பகுதியில், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை ஒன்று உண்டு. அங்கே 1970 முதல் 1987 வரையில் குருதி உறையாமை நோயுடைய 122 மாணவர் படித்தனர். காயம் பட்டாற் குருதி நில்லாது பெருகும் நோய் அது. குருதியை உறையச்செய்வதற்கென்று பலரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தை அப்பிள்ளைகளுக்கு ஊசியால் ஏற்றினர். மருந்தோடு வைரசுகளும் சென்றன. அவர்களுள் இன்று உயிரோடிருப்பவர் முப்பதின்மர் அளவினரே. 2024 மே மாதத்தில் வெளிவந்த அந்நாட்டு விசாரணை அறிக்கை, குருதி உறையாமை நோயுடையோரில் ஏறக்குறைய 1,250 பேர் இவ்விரு வைரசுகளுக்கும் ஆளானதையும், அவர்களில் 380 பேர் பிள்ளைகள் என்பதையும் எடுத்துரைத்தது. மாணவர் இடாப்பை நாள்தோறும் கையிலெடுக்கும் எனக்கு, 122 பெயர் என்பது வெறும் எண்ணாகத் தோன்றவில்லை. மூன்று வகுப்புகள் அவை.

எச்.ஐ.வி. உடையவனிடத்தில் ஈரல் வைரசு மிகுந்த துணிவோடு பெருகும். குருதியில் அதன் அளவு கூடுதலாயிருக்கும்; ஈரல் தடித்து வடுப்படுவதும் விரைவாக நிகழும். 1990களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்துகள் வந்து அந்நோயாளரின் வாழ்நாளை நீட்டித்தன. ஆனால் நீண்ட வாழ்நாளில் அவர்களை வீழ்த்தக் காத்திருந்தது ஈரல் நோயே.

அதற்கு அக்காலத்தில் இருந்த மருந்து இன்ரபெரோன் என்பது. 1957இல் லண்டன் மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் ஐசாக்ஸ், லிண்டன்மான் என்னும் இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். வைரசால் தாக்கப்பட்ட கலம் ஒருவகைப் புரதத்தை வெளியிட்டு, அயலிலுள்ள கலங்களை எச்சரித்துக் கதவடைக்கச் செய்கிறது. வைரசின் வேலையிற் குறுக்கிடுவதால் அதற்கு அப்பெயர் சூட்டினர். அதனை உடலில் நெடுநேரம் தங்குமாறு மாற்றியமைத்துப் ‘பெக் இன்ரபெரோன்’ என்று வழங்கினர். கிழமைக்கொரு முறை இவ்வூசி. நாள்தோறும் ரிபாவிரின் என்னும் குளிசை. இவ்வாறு 48 கிழமைகள்.

48 கிழமை என்பதைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சலும் குளிரும் உடம்பு முறிவும் வரும். தலைமயிர் உதிரும், உறக்கம் கெடும். எல்லாவற்றினும் கொடியது மனச்சோர்வு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையிலும் அது சிலரைக் கொண்டுசென்றது. ரிபாவிரினோ செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும். எச்.ஐ.வி.க்கு உண்ணும் சிடோவுடின் என்னும் மருந்தும் அதே சோகையைத் தரவல்லது. இரண்டும் சேர்ந்தால் நோயாளி படியேறவும் மூச்சுவாங்குவான். டிடனோசின் என்னும் வேறொரு மருந்தோடு ரிபாவிரின் சேர்ந்தபோது குருதியில் இலற்றிக்கமிலம் பெருகி உயிரிழந்தோரும் உண்டு. இத்தனையும் பொறுத்து 48 கிழமை முடித்தவனுக்கு, ‘குணமாகவில்லை’ என்ற விடை கிடைப்பதும் சாதாரணமாயிருந்தது.

ஆகவே வைத்தியர் மனத்தில் எழுந்த வினா இதுவே: இந்த நோயாளி இறுதியிற் குணமடைவானா என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வழியுண்டா?

இதற்கு விடைகாண உதவியது மருந்துச்சாலையன்று, கணிதம். 1998இல் நியூமன், பெரல்சன் முதலியோர் அமெரிக்க விஞ்ஞான ஏடொன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரல்சன் பணியாற்றிய இடம் லொஸ் அலமோஸ். முதல் அணுகுண்டு செய்த அதே இடந்தான். அங்கே இருந்து இப்படியும் ஒரு கணக்கு வந்ததே என்று மகிழலாம். ஈரல் வைரசு ஒரு நோயாளியின் உடலில் ஒரு நாளிலே ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி என்னும் அளவில் உண்டாகிறது என்றும், உண்டானவை மூன்று மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்திற் பாதியாக அழிகின்றன என்றும் அவர்கள் கணித்தனர். அதாவது, நோயாளியின் குருதியில் வைரசின் அளவு மாதக்கணக்கில் மாறாதிருப்பது, அது சும்மா கிடப்பதனால் அன்று. வரவும் செலவும் ஒத்திருப்பதனால்.

எமது வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் ஊற்று சுரக்கிறது. மறுபுறம் இயந்திரம் இறைக்கிறது. இரண்டும் சமமானால் நீர்மட்டம் அசையாது. இப்பொழுது ஊற்றுக்கண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை யாரோ அடைத்துவிட்டார் என்று கொள்வோம். இறைப்பு நிற்கவில்லை, ஆதலின் நீர்மட்டம் விரைந்து வீழும். எதுவரை வீழும்? எஞ்சிய ஐந்து பங்கு ஊற்றுக்கு ஏற்ற அளவு வரை. அங்கே நின்றுவிடும். மருந்து தொடங்கிய முதல் இரண்டொரு நாளில் நிகழ்வது இதுவே. இது முதற் கட்டம். இரண்டாங் கட்டத்தில், அடைபட்டும் கசிந்துகொண்டிருக்கும் ஊற்றுக்கண்கள் ஒவ்வொன்றாக அறவே தூர்ந்துபோக வேண்டும். நோயுற்ற ஈரற் கலங்கள் மடிந்து, நல்ல கலங்கள் அவற்றின் இடத்தைப் பெறுதல் என்பது இதன் பொருள். இது மெதுவாகவே நடைபெறும். ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். உடலின் காவற்படை செய்யவேண்டிய வேலை இது. அப்படை எச்.ஐ.வி.யால் நலிவுற்றிருப்பவனிடத்தில் இவ்வேலை தடைப்படுவதில் வியப்பில்லை.

இனி மடக்கைக்கு வருவோம். 60 இலட்சம் 60 ஆயிரமாகக் குறைந்தால், அது நூறிலொன்றாகக் குறைந்தது. 100இன் மடக்கை 2. பன்னிரண்டாவது வாரத்தில் குருதியைச் சோதித்து, வைரசின் அளவு 2 மடக்கையேனும் குறைந்திருந்தால், அல்லது வைரசே காணப்படாவிட்டால், மருந்தைத் தொடர்க. இல்லையேல் நிறுத்துக என்று விதி செய்தனர். இவ்விதி எவ்வளவு நம்பத்தக்கது? 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பெரிய பரிசோதனையின் எண்களைப் பாருங்கள். இது எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் செய்தது. பெக் இன்ரபெரோனும் ரிபாவிரினும் பெற்றோர் 453 பேர். அவர்களுள் 390 பேர் பன்னிரண்டாவது வாரத்தில் அக்குறியை எட்டினர். 63 பேர் எட்டவில்லை. எட்டாத 63 பேரில் 61 பேர் இறுதியிலும் குணமடையவில்லை. ஆனால் எட்டிய 390 பேரில் குணமடைந்தோர் நூற்றுக்கு 65 பேர் மாத்திரமே.

மாணவர் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். ஒரே சோதனைதான். தோல்வியைச் சொல்லும்போது அது ஏறக்குறையப் பிழையாமற் சொல்கிறது. வெற்றியைச் சொல்லும்போது மூன்றுக்கு ஒன்று தவறுகிறது. ‘இச்சோதனை எவ்வளவு சரி?’ என்று ஒரே எண்ணால் விடை கேட்பது அறியாமை. எந்தப் பக்கத்தில் எவ்வளவு சரி என்று கேட்கவேண்டும்.

அந்த 63 பேரில் எஞ்சிய இருவர்மீதுதான் என் மனம் சென்றது. பரிசோதனையாதலால் அவர்களுக்கு மருந்து நிறுத்தப்படவில்லை, குணமடைந்தனர். விதி முன்னரே நடைமுறையில் இருந்திருந்தால், பன்னிரண்டாவது வாரத்திலே அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பர்.

இதை எழுதும்போது என் சொந்தக் குற்றம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டாந் தவணைப் பரீட்சையிலே கணிதத்தில் 18 புள்ளி பெற்ற மாணவனொருவனின் தகப்பனாரை அழைத்து, “உங்கள் மகனுக்குக் கணிதம் வராது, இதில் காலத்தையும் ரியூசன் காசையும் வீணாக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் தோட்டஞ் செய்பவர். “மாஸ்டர் சொன்னாற் சரியாகத்தான் இருக்கும்” என்று கூறிப் போய்விட்டார். பையன் யாரிடம் போய்ப் படித்தானோ அறியேன். சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் திறமைச்சித்தி பெற்றான். தகப்பனாரைப் பின்னர்ச் சந்தையிற் கண்டேன். அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நல்ல கத்தரிக்காயாகத் தெரிந்தெடுத்துத் தந்தார். இத்தனை வருடத்தில் தவணைப் பரீட்சையைக் கொண்டு நான் சொன்ன சோதிடங்களிற் பெரும்பாலானவை பலித்தே இருக்கின்றன. ஆயினும் பலித்தவற்றின் பெயர்கள் எனக்கு நினைவில்லை.

நிற்க. இரு நோயும் உடையோரிடத்தில் இம்மருந்துகளின் பயனை அறிய, 19 நாடுகளில் 868 நோயாளரைச் சேர்த்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2004இல் வெளிவந்தது. பழைய இன்ரபெரோனோடு ரிபாவிரின் பெற்றோரில் நூற்றுக்கு 12 பேர் குணமடைந்தனர். பெக் இன்ரபெரோனோடு ரிபாவிரின் பெற்றோரில் நூற்றுக்கு 40 பேர். இதுவும் வைரசின் வகையைப் பொறுத்தது. ஈரல் வைரசில் பல வகுப்புகள் உள. முதலாம் வகுப்பு உடையோரில் 29 பேர்தாம் நூற்றுக்குக் குணமாயினர். இரண்டாம் மூன்றாம் வகுப்பு உடையோரில் 62 பேர். பன்னிரண்டாவது வாரத்து விதி இவர்களிடத்தும் பொருந்தியது: குறியை எட்டாதோரில் ஏறக்குறைய எவரும் குணமடையவில்லை. நான்காவது வாரத்திலேயே வைரசு முற்றாக மறைந்தவர்களோ மிகப் பெரும்பாலும் தப்பினர்.

மருந்து தொடங்குமுன்னரே குறி சொல்லவும் முயன்றார்கள். 2009ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகிய மூன்று இடங்களிலும் ஆராய்ந்தோர் ஒரே இடத்தைச் சுட்டினர். பத்தொன்பதாவது நிறமூர்த்தத்தில் ஒரு பரம்பரை அலகின் அருகே ஓர் எழுத்து வேறுபாடு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதன் நல்ல வடிவத்தையே பெற்றவனுக்கு இன்ரபெரோனாற் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. எச்.ஐ.வி.யும் உடையோரிலும் இது மெய்யாகக் காணப்பட்டது. ஒருவனுடைய ஈரலின் கதை அவன் பிறப்பிலேயே பாதி எழுதப்பட்டிருந்தது என்று தலையெழுத்துவாதிகள் மகிழ இடமுண்டு. ஆனால் நல்ல எழுத்துடையோருள்ளும் பலர் தோற்றனர்; தீய எழுத்துடையோருள்ளும் சிலர் வென்றனர்.

குருதியிலுள்ள வைரசை எண்ணுவதே நோயாளியை அறிவதாகாது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அதே 2004இல் வெளிவந்த, 133 பேரைக்கொண்ட வேறொரு அமெரிக்கப் பரிசோதனையில், வைரசு நீங்காதோர் சிலரின் ஈரலிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 35 பேரின் ஈரல் முன்னிருந்ததிலும் நலமடைந்திருந்தது. எண்ணின்படி அவர்கள் தோற்றவர்கள். ஈரலுக்கு அது தெரியவில்லை.

பின்னர் நிகழ்ந்தது எவரும் முன்குறித்ததன்று. உடலின் காவற்படையைத் தூண்டாமல், வைரசு தன்னைப் படியெடுக்கும் நொதியத்தையே நேராகத் தடுக்கும் குளிசைகள் வந்தன. 2013 டிசெம்பரில் சொபொஸ்புவிர் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015இல் வெளிவந்த பரிசோதனையில், இரு நோயும் உடைய 335 பேருக்குச் சொபொஸ்புவிரும் லெடிபாஸ்விரும் சேர்ந்த ஒரே குளிசையை, நாளுக்கொன்றாக 12 கிழமை கொடுத்தார்கள். 322 பேர் குணமடைந்தனர், நூற்றுக்கு 96. ஊசியில்லை, காய்ச்சலில்லை, மனத்தைக் கெடுக்கும் சோர்வில்லை. முன்னே ‘தொடர்வதா, நிறுத்துவதா’ என்று தீர்ப்புரைத்த அதே பன்னிரண்டாவது வாரத்தில் இப்போது சிகிச்சையே முடிந்துவிட்டது. நான்காவது வாரத்தில் சிறிதளவு வைரசு எஞ்சியிருந்தாலும் பெரும்பாலோர் குணமடைகின்றனர். இடைநடுவே வைரசை எண்ண வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. மருந்து முடிந்து 12 கிழமையின்பின் ஒருமுறை பார்த்தாற் போதும் என்றாகிவிட்டது.

பழைய தடை உடலில் இருந்தது; புதிய தடை பணப்பையில் வந்தது. தொடக்கத்தில் அமெரிக்காவில் சொபொஸ்புவிர்க் குளிசையொன்றின் விலை 1,000 டொலர். 12 கிழமைக்கு 84,000 டொலர். 2014இல் இந்திய மருந்துக் கம்பனிகள் உரிமம் பெற்று அதனைச் செய்யத் தொடங்கியபின், விலை சில நாடுகளில் நூறு டொலருக்கும் கீழே இறங்கியது. இன்று கடினமாயிருப்பது, எவனுக்கு மருந்து பலிக்கும் என்று கூறுவதன்று. எவனுக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. 2022ஆம் ஆண்டில் உலகிலே 5 கோடிப் பேர் இவ்வீரல் வைரசோடு வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. நெடுங்காலம் நோவோ குறியோ காட்டாத நோயாதலால், அவர்களிற் பலர் தமக்கு நோய் உண்டென்பதையே அறியார்.

பின்வரிசை மாணவனுக்கு வரும் திங்கட்கிழமை ஒரு கணக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். 2005ஆம் ஆண்டு. நோயாளி ஒருவரின் குருதியில், மருந்து தொடங்கியபோது ஒரு மில்லிலீற்றரில் 60,00,000 வைரசு அலகு. பன்னிரண்டாவது வாரத்தில் 64,000. அட்டவணையைப் பயன்படுத்தி விடை காண்க. 6.7782இலிருந்து 4.8062ஐக் கழித்து 1.972 என்று அவன் எழுதுவான். அட்டவணை பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன். 2இலும் குறைவு என்பதையும் சொல்லிவிடுவான். குருதியை மறுநாள் மீண்டும் சோதித்தால் அளவு சிறிது முன்பின்னாக வரக்கூடும் என்பதை நான் அப்போது கூறுவேன். அதன்பின், அடுத்த அறையில் அந்த நோயாளி தம் மனைவியோடு அமர்ந்து காத்திருக்கிறார் என்றும், கதவைத் திறந்து அவரிடம் என்ன சொல்வாய் என்றும் கேட்பேன்.